எருவும் குப்பையும்: திருவள்ளூர் வட்டாரத்து இல்லத்து உரக்குழி பற்றிய ஓர் ஆய்வு

சொற்கள் சிலவற்றின் வரலாற்றை ஆராயுங்கால் அவை குறிக்கும் பொருள்களின் வரலாறும் உடன் வெளிப்படுதல் உண்டு. 'எரு', 'குப்பை', 'உரம்' என்னும் மூன்றும் அத்தகையன. சமையலறைக் கழிவை இல்லத்திலேயே மட்கச் செய்து உரமாக்குமாறு உள்ளாட்சி மன்றங்கள் இன்று ஊர்தோறும் அறிவுறுத்தி வருகின்றன. இதனை மேனாட்டிலிருந்து புதிதாக வந்த கலை எனக் கருதுவார் ஒரு சாரார். பண்டைத் தமிழர் இதனை முற்றும் அறிந்திருந்தனர் எனப் பெருமை கொள்வார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் சான்றுகளோடு பொருந்துமா என்பதைத் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, ஏரிப்பாசன உழவும் பெருந்தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து அமைந்தது. ஆதலின் பழைய எருக்குழியும் புதிய குப்பைமேடும் ஒருங்கே காணத்தக்கது.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'எரு' என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். மலையாளத்தில் 'எரு' எனவும் தெலுங்கில் 'எருவு' எனவும் வழங்கும். சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்தும் ஆயர் கூடும் மன்றத்திற்கு அடையாக வரும் 'தாதெரு' என்னும் சொல், ஆனிரையின் கால்பட்டுத் துகளாகிப் பூந்தாது போலக் கிடந்த எருவைக் குறிப்பது. குரவையாடும் இடத்திற்கே எருவை அடைமொழியாக்கிய புலவர்க்கு அது அருவருப்புக்குரிய பொருளாகத் தோன்றவில்லை என்பது தெளிவு.

'குப்பை' என்பதன் வரலாறு இன்னும் சுவையுடையது. இச்சொல்லின் பழம்பொருள் குவியல் என்பதே; குவை, குவியல் என்பவற்றோடு ஒலியாலும் பொருளாலும் அணுக்கமானது. நெய்தல் நிலத்து உப்புக் குவியலைச் சங்கப் புலவர் குப்பை என்றே வழங்குவர். எண்ணூர்க் கழியை அடுத்த உப்பளங்களில் வெண்ணிறக் குவியல்களைக் கண்டவர்க்கு இவ்வழக்கின் பொருத்தம் விளங்கும். இழிபொருளைக் குறிக்கும் வழக்கும் பழமையானதே. குறுந்தொகை 305-ஆம் பாடலை இயற்றியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. தாமே பொருது தாமே ஓயவேண்டிய குப்பைக்கோழிகளை உவமையாக்கியமையின் அவர் குப்பைக்கோழியார் எனவே பெயர்பெற்றார். ஓர் உவமையே புலவருக்குப் பெயராகி நிலைக்குமளவு மக்கள் அறிந்த காட்சி அது. கோழி கிளறும் குவியல் மனையை அடுத்து இருந்தது என்பது இதனாற் பெறப்படும். அக்குவியலை முறைப்படி மட்கச் செய்தனரா என்பதற்கு இப்பாடலிற் சான்றில்லை. உவமையிலிருந்து ஒரு தொழில்நுட்பத்தையே வருவித்துக் கூறுதல் ஆய்வாகாது.

இனித் திருக்குறளுக்கு வருவோம். உழவு என்னும் 104-ஆம் அதிகாரத்தில் எருவைப் பற்றிய கருத்து அடுத்தடுத்த இரு குறள்களில் (1037, 1038) இடம்பெறுகின்றது. ஒரு பலப் புழுதி காற்பலமாகுமாறு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்பது முன்னது. பின்னது, உழுதலைக் காட்டிலும் எருவிடுதல் நன்று எனத் தொடங்கிக் களைகட்டலையும் நீர்ப்பாய்ச்சலையும் பயிர்காவலையும் நிரல்படக் கூறுவது. இவ்விரண்டும் தம்முள் மாறுகொள்வன போலத் தோன்றினும் மாறுகொள்ளா. எரு எளிதிற் கிடையாத அரும்பொருள் என்பதே இரண்டற்கும் அடிப்படை. அரிதாகலின், புழுதி உணக்கி அதன் தேவையைக் குறைக்க என்கிறது முன்னது. இன்றியமையாததாகலின் உழவினும் மேலாக வைக்கின்றது பின்னது. எருவை எங்ஙனம் ஆக்குவது என்பது பற்றி வள்ளுவர் யாதும் கூறிற்றிலர். ஆக்கும் முறை உழவர் கையில் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை.

அது ஓரளவு ஏட்டில் ஏறுவது பிற்காலப் பள்ளு நூல்களில்தான். ஆயரை வருவித்தலும், வயலில் கிடை வைத்தலும், பள்ளன் கிடையில் இருந்தவன்போல் வருதலும், பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டலும் இவ்விலக்கிய வகைக்குரிய உறுப்புகளாகவே அமைந்துள்ளன. ஆட்டு மந்தையை இரவில் வயலில் மடக்கி அதன் புழுக்கையும் நீரும் நிலத்திற் சேரச் செய்யும் கிடை என்னும் வேளாண் வினை, ஒரு சிற்றிலக்கியத்தின் கதைப்போக்கையே நடத்துகின்றது. நகைச்சுவைக்காகவே இப்பகுதி அமைந்தது என உரைப்பாரும் உளர். நகைக்கு அடியில் இருக்கும் செய்தி வேறு: எரு பண்ணையாருக்கு உரிய செல்வம், அதற்குக் காவல் இருந்து உழைத்தவன் தண்டனைக்கு உரியவன். எருவின் பெருமையைப் பேசும் நாம், அதனைத் தலையிற் சுமந்தவர் யார் என்ற வினாவை விட்டுவிடுதல் நேர்மையன்று.

செங்கற்பட்டுப் பகுதி உழவர் நிலத்திற்கு இட்டவை பல. கோடையில் வற்றிய ஏரியிலிருந்து எடுத்த வண்டல், கொழிஞ்சி, புங்கு, வேம்பு முதலியவற்றின் தழை, ஆட்டுக்கிடை, கொல்லைப்புறத்து எருக்குழி ஆகியன அவற்றுட் சிறந்தவை. எருக்குழியிற் சேர்ந்தவை தொழுவத்துச் சாணமும் கூளமும், மாடு கழித்த வைக்கோலும், அடுப்புச் சாம்பலும், வீடு வாசல் கூட்டிய புழுதியுமே. சமையற் கழிவு அதிற் குறைவு. கழுநீரும் காய்த்தோலும் பெரும்பாலும் மாட்டிற்கே சென்றன. இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பழைய எருக்குழியின் உயிர்நிலை மாடு. மாடு இல்லாத இல்லத்தில் அக்குழியை அப்படியே மீட்டுவிடலாம் என்பது எளிதிற் பொருந்தாத கருத்து.

மாடு இருந்த இடத்தும் சாணம் முழுவதும் நிலத்தை அடைந்திலது. 'எருமுட்டை' என்னும் சொல்லே சான்று. எருவென்ற பெயரைத் தாங்கியும் அது எரிக்கப்படுவது. வறட்டி என்பதும் அதுவே. 1889-இல் இந்தியாவிற்கு வந்து நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப்பார்த்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் வேளாண் வேதியியலறிஞர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில் சாணம் எரிபொருளாகி அழிதலை நாட்டு வேளாண்மையின் பெருங்குறையாக எடுத்துக்காட்டினார். உழவன் அறியாமையால் எரிக்கின்றான் என அவர் பழிக்கவில்லை. விறகு கிடையாமையே காரணம் எனக் கண்டு, விறகிற்கும் தீவனத்திற்கும் காடு வளர்க்குமாறு பரிந்துரைத்தார். அக்காலத்து ஆங்கில அலுவலர் பலருடைய எழுத்தோடு ஒப்பிடுங்கால் இந்நடுவுநிலை பாராட்டத்தக்கது.

சாணம் குறைவாக உள்ளவிடத்து எருவை எங்ஙனம் பெருக்குவது என்ற வினாவிற்கு விடை கண்டவர் ஆல்பர்ட் ஹாவர்டு. 1905-இல் பூசா ஆய்வு நிலையத்திற்கு வந்த இவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர்த்தொழில் நிலையத்தை நடத்தி, யஷ்வந்த் வாட் என்னும் இந்திய வேதியியலறிஞருடன் சேர்ந்து தம் முறையை 1931-இல் நூலாக வெளியிட்டார். சீன உழவரைப் பற்றி எஃப். எச். கிங் எழுதி 1911-இல் வெளிவந்த நூலுக்கும், இந்திய உழவரிடம் கற்றதற்கும் தாம் கடன்பட்டிருத்தலை அவர் மறைத்ததில்லை. தழை, சருகு, தட்டை ஆகியவற்றை மிகுதியாகவும், சாணக் கரைசல், மாட்டுநீர் தோய்ந்த மண், மரச்சாம்பல் ஆகியவற்றைச் சிறிதளவாகவும் அடுக்கி, நீர் தெளித்து, மூன்று முறை புரட்டினால் தொண்ணூறு நாளளவில் எரு ஆகும் என்பது இந்தூர் முறை. கோடையில் குழியும் மழைக்காலத்தில் தரைமேற் குவியலும் ஏற்றவை என்றும் அவர் வரையறுத்தார்.

பழைய குழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? காற்றும் அளவும் ஆகும். மட்கச் செய்வன நுண்ணுயிர்கள். அவற்றிற்குக் கரிமம் உணவும் ஆற்றலுமாகும். நைட்ரசன் உடலாக்கும் பொருளாகும். காய்ந்த சருகிற் கரிமம் மிகுதி; பச்சைக் கழிவிலும் சாணத்திலும் நைட்ரசன் மிகுதி. ஏறத்தாழ முப்பது பங்கு கரிமத்திற்கு ஒரு பங்கு நைட்ரசன் என அமைந்தால் நுண்ணுயிர் செழிக்கும். காற்றுப் புகாவிடில் வேறுவகை உயிர்கள் பெருகிக் குவியல் அழுகி நாறும். முன்னோர் குழி எரு தந்தது உண்மை. ஆயினும் புரட்டப்படாமலும் மழைநீர் புகுந்தும் அதன் சத்திற் பெரும்பகுதி கரைந்தும் ஆவியாகியும் கழிந்தது. எனவே, பொருளறிவு நம்முடையது, அளவறிவு பின்னர் வந்தது எனப் பகுத்துரைப்பதே தக்கது.

இந்தூர் முறை உழவர்க்கு ஏற்றதாயினும் நகரத்திற்கு உழைப்பு மிகுவித்தது. பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வகுத்த முறையில் ஊர்க்கழிவும் மனிதக் கழிவும் அகழியில் அடுக்கப்பட்டு மண்ணால் மெழுகி மூடப்படும், புரட்ட வேண்டுவதில்லை, முதிரச் சில திங்கள் மிகும். 1940-களின் உணவுப் பெருக்க முயற்சியில் நகராட்சிகள் பல இதனை மேற்கொண்டன. 1947 டிசம்பரில் மீராபென் முயற்சியால் தில்லியில் அனைத்திந்தியக் கூட்டுஎரு மாநாடு கூடியபோது காந்தியடிகளும் இதனை வரவேற்று எழுதினார். ஆயின், மனிதக் கழிவை அள்ளி அகழிக்குக் கொணர்ந்தவர் சாதியால் அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டவர். கையால் மலம் அள்ளுதலைத் தடுக்கும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலுமே வந்தன. கூட்டுஎருவின் வரலாற்றில் இவ்வியலை நீக்கி எழுதுவார் பாதி வரலாற்றையே எழுதுவர்.

'உரம்' என்னும் சொல் இதற்கிடையே இடம் மாறியது. பழைய நூல்களில் வலிமை, அறிவு, மார்பு என்னும் பொருள்களிற் பயின்ற அச்சொல், நிலத்திற்கு வலிமை தருவது என்னும் கருத்தால் எருவிற்கும் ஆகி, பின்னர்ச் செயற்கை உரத்திற்கே பெரிதும் உரியதாயிற்று. இம்மாற்றத்திற்கு நம் வட்டாரமே ஒரு களம். 1966-இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் மணலியில் 1971-இல் உற்பத்தி தொடங்கியது. வண்டியேறி வயலுக்குச் சென்ற எரு பின்தங்க, மூட்டையாக வந்த உரம் முந்தியது. விளைச்சல் பெருகியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கொல்லைக் குவியலுக்கு இருந்த பயன் நீங்கவே, குப்பை என்னும் சொல்லில் எருவாதற்குரிய பொருள் என்ற நிழல் மறைந்து, எறிதற்குரியது என்ற பொருளே எஞ்சிற்று.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து இரும்பாலைகளும் பிற ஆலைகளும் பெருகின. பின்னர்த் தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்காவிற்கென மேய்ச்சல் நிலம் எடுக்கப்பட்டபோது ஊரார் எதிர்த்துப் போராடினர். மேய்க்கால், மந்தைவெளி என்பன வருவாய்த்துறை ஏட்டில் புறம்போக்கு நிலத்தின் வகைகள். உழவர்க்கோ அவை எருவின் ஊற்றுக்கண். மேய்க்கால் போனால் மாடு போகும். மாடு போனால் எருக்குழி வறளும். அதே காலத்தில் ஆலைத் தொழிலாளர் வாடகை வீடுகள் பெருகிக் காய்த்தோலும் சோறும் உண்ணுவார் மாடின்றித் தெருவை அடைந்தன. ஒருபுறம் எருவின்மை, மறுபுறம் எருவாதற்குரியன மிகுதல் என்னும் இம்முரணே இன்றைய இல்லத்து உரக்குழிக்கு வரலாறு தரும் காரணம்.

அதனைத் தொடங்குவார்க்கு இவ்வட்டாரத்து நிலைமை பற்றிய சில குறிப்புகள் இன்றியமையாதன. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண்தொட்டியோ பழைய வாளியோ போதும். ஒரு பிடி சமையற் கழிவிற்கு இரு பிடி காய்ந்த சருகு என இடுக. மாஞ்சருகு, வைக்கோல், வேர்க்கடலைத் தொலி, தென்னைநார்க் கழிவு ஆகியன ஈண்டு எளிதிற் கிடைப்பன. மாட்டிற்கு மாற்றாகச் சிறிது சாணக் கரைசலோ புளித்த மோரோ முன்னர் முதிர்ந்த எருவோ தெளித்தால் நுண்ணுயிர் விரைந்து பெருகும். பிழிந்த துணியளவு ஈரமே வேண்டும். வாரம் ஒருமுறை கிளறுக. நாறினால் சருகு குறைவென்று அறிக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியைத் தவிர்த்து மேடான இடத்தில் மூடிவைத்தல் நன்று. இரண்டு மூன்று திங்களில் மண்மணம் வரும். அடுப்புச் சாம்பலைச் சிறிதளவு சேர்க்கலாம் என்ற பழைய வழக்கை ஆலைப்பகுதியில் நீட்டித்து ஆலைச் சாம்பலையும் இரும்புத் தூளையும் சேர்ப்பது தவறு. அவற்றிலுள்ள உலோகங்கள் மட்கா, மண்ணிலேயே தங்கும். சிறு தொட்டி பெருங்குவியல் போலச் சூடேறாது. ஆதலின் நோயுற்ற செடியையும் நாய் பூனைக் கழிவையும் அதில் இடலாகாது.

2000-இலும் 2016-இலும் வந்த திடக்கழிவு விதிகளுக்குப் பின் ஊர்தோறும் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என இரு தொட்டிகள் தோன்றின. 'மக்கு' என்பது 'மட்கு' என்பதன் மரூஉ. டகரம் பின்வந்த ககரத்தோடு ஒத்து இங்ஙனம் ஆயிற்று. இத்தொடர்களுள் நம் கருத்தைக் கவர்வது இரண்டாவதே. நெகிழி வருமுன் கொல்லைக் குவியலில் மட்காதது ஓட்டாஞ்சில்லும் உடைந்த வளையலுமே. அவற்றிற்குத் தனியே ஒரு பெயர் வேண்டியதில்லை. எனவே 'மக்கும்' என்ற அடைமொழியும் பண்டு வேண்டப்படவில்லை. அவ்வடைமொழி எந்த ஆண்டு முதல் ஊராட்சிப் பலகைகளிலும் பாடநூல்களிலும் இடம்பெற்றது என்பதைத் தொகுத்துக் காணுதல், சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் மாணவர்க்கு ஏற்ற பணியாகும்.