மேல்மாடி வார்டு, கீழ்த்தள வார்டு: பச்சிளம் குழந்தையும் வெயிலும் – ஒரு சின்ன வரலாறு

"பச்ச உடம்பு டாக்டர். காத்து பட்டா ஆகாதுன்னு ஜன்னலெல்லாம் சாத்தித்தான் வெச்சிருக்கோம்."

ஒவ்வொரு மே மாசமும் நான் தவறாமக் கேட்கிற வசனம் இது. போன கோடையில இதைச் சொன்னது ஒரு பாட்டி. கையில பிறந்து 6 நாள் ஆன பேரன். தலையில குல்லா, கையில உறை, காலில் சாக்ஸ், மேலே ரெண்டு டவல். அக்குள்ல வெச்சுப் பார்த்தா 38.4 டிகிரி செல்சியஸ்.

அட்மிட் பண்ணோம். இந்த வயசுல காய்ச்சல்னா முதல்ல கிருமித்தொற்றா இருக்கலாம்னுதான் நினைக்கணும். ரத்தப் பரிசோதனை, கல்ச்சர் எல்லாம் அனுப்பினோம். மருந்தும் ஆரம்பிச்சோம். கல்ச்சர்ல ஒண்ணும் வரல. துணியைக் குறைச்சு, தாய்ப்பால் சரியாகக் கிடைக்க வெச்சதும் சூடு இறங்கிடுச்சு. பிறந்த எடையில 10 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சிருந்தான். விசாரிச்சப்போதான் தெரிஞ்சது: மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை. ஜன்னல் மூடி, ஃபேன் ஆஃப்.

நான் அந்தப் பாட்டியைத் திட்டல. ஏன்னா, குழந்தைக்குக் குளிர்தான் எதிரின்னு நூறு வருஷமா பாடம் எடுத்ததே எங்க மருத்துவத்துறைதான். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்றேன்.

🔹 பாரிஸ், 1880

ஸ்டெஃபான் டார்னியே ஒரு பிரசவ மருத்துவர். பாரிஸ் உயிரியல் பூங்காவுல கோழிக்குஞ்சு பொரிக்க வெச்சிருந்த சூட்டுப்பெட்டியைப் பார்த்தார். குறைமாசக் குழந்தைக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சா என்னன்னு தோணுச்சு. அந்தப் பூங்காவுல வேலை பார்த்த ஓடில் மார்ட்டினிடமே செய்யச் சொன்னார். வெந்நீர் சூட்டில் இயங்குற பெட்டி. அதுதான் இன்னைக்கு நாம பார்க்கிற இன்குபேட்டரின் முன்னோடி.

அந்த மருத்துவமனையில 2 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளில் 66 சதவீதம் இறந்துகிட்டிருந்தாங்க. பெட்டி வந்த பிறகு அது 38 சதவீதம் ஆச்சு. சாதாரண விஷயமா?

🔹 நியூயார்க், 1958

வில்லியம் சில்வர்மேன் குழு குறைமாசக் குழந்தைகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவுக்கு இன்குபேட்டர் சூட்டை சில டிகிரி மட்டும் கூட்டினாங்க. அந்தப் பிரிவுல பிழைச்சவங்க சுமார் 15 சதவீதம் அதிகம். வெதுவெதுப்பு உயிர் காக்கும்னு சந்தேகமில்லாம நிரூபணம் ஆச்சு.

இந்தப் பாடம் இன்னைக்கும் சரி. குறைமாசக் குழந்தைக்கும் எடை குறைஞ்ச குழந்தைக்கும் குளிர் ஆபத்துதான். எங்க தப்பு என்னன்னா, குளிர் நாட்டுக் குறைமாசக் குழந்தைக்கு எழுதின பாடத்தை, நிறைமாசத்துல 3 கிலோவுல பிறந்த குழந்தைக்கு, மே மாச மதியத்துக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்துட்டோம்.

🔹 இங்கிலாந்து, 1990

தூங்கப் போட்ட குழந்தை காலையில எழுந்திருக்கவே இல்லை, காரணமும் தெரியல. இதைத் திடீர் சிசு மரணம்னு சொல்வோம். பீட்டர் ஃப்ளெமிங் குழு ஏவன் பகுதியில இப்படி இறந்த குழந்தைகளையும், அதே வயசுல நல்லா இருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, குப்புறப் படுக்க வைப்பது. இன்னொண்ணு, அதிகமா போர்த்துவதும் ராத்திரி முழுக்க ஹீட்டரை ஓட விடுவதும்.

அதாவது, குளிர் நாட்டிலேயே சூடு அதிகமானா ஆபத்து! 1991-ல "மல்லாக்கப் படுக்க வையுங்க"ன்னு அங்கே பிரசாரம் ஆரம்பிச்சாங்க. சில வருஷத்திலேயே அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே போச்சு.

🔹 அகமதாபாத், மே 2010

இதுதான் நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற பாடம். மே 21 அன்னைக்கு அந்த ஊர்ல 46.8 டிகிரி. அந்த மாசத்துல மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 1,344 பேர் கூடுதலா இறந்ததா ஆய்வாளர்கள் பின்னால கணக்கிட்டாங்க.

அங்கே சாரதாபென் பொது மருத்துவமனை. ஏசி கிடையாது. பிரசவ வார்டு மேல்மாடியில. தாயோட படுத்திருந்த பச்சிளம் குழந்தைகள் வெயில் சூட்டினாலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வர ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் முதல் ஜூன் வரை 24 பேர். முந்தைய வருஷம் அதே மாசங்கள்ல 8 பேர்தான்.

டாக்டர்கள் என்ன பண்ணாங்க? பெரிய மெஷின் எதுவும் வாங்கல. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாத்தினாங்க. அவ்வளவுதான்.

பின்னால கணக்குப் போட்டதுல, கீழ்த்தளத்துக்கு மாத்தினது சூட்டினால் வந்த அட்மிஷனை 64 சதவீதம் குறைச்சிருந்தது. 42 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அட்மிஷன் 43 சதவீதம் கூடினதும் தெரிஞ்சது. ஒரே ஆஸ்பத்திரி, எண்ணிக்கையும் சின்னதுதான். ஆனா காரணம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது: காங்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு, ராத்திரி முழுக்க அறைக்குள்ள கக்கும்.

2013-ல அகமதாபாத் வெப்பச் செயல் திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல்.

🔹 குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?

எடையோடு ஒப்பிட்டா அதன் தோல் பரப்பு நம்மைவிட ரொம்ப அதிகம். வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே போகும். வியர்த்துத் தணிச்சுக்கிற திறன் குறைவு. போர்வையைத் தள்ளிவிடத் தெரியாது. தாகம்னு சொல்லவும் தெரியாது.

🔹 அப்போ வீட்டுல என்ன செய்யணும்?

✅ மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையைத் தவிர்த்து, கீழ்த்தளத்துலயோ வெயில் நேரா படாத அறையிலயோ தாயையும் சேயையும் தங்க வையுங்க.

✅ ஃபேன் போடலாம். ஏசியும் போடலாம், 26 டிகிரி பக்கமா. காத்து குழந்தை மேல நேரா அடிக்க வேண்டாம்.

✅ மெல்லிய பருத்திச் சட்டை ஒண்ணு போதும். வெக்கை நாள்ல வீட்டுக்குள்ள குல்லா, சாக்ஸ் வேண்டாம்.

✅ கை கால் சில்லுன்னு இருக்குன்னு போர்த்தாதீங்க. பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்க. அங்கே சூடா, வேர்வையா இருந்தா ஒரு துணியைக் குறைங்க.

✅ தூளியின் வாயைத் துணி போட்டு மூடாதீங்க. தூங்கும்போது மல்லாக்கத்தான்.

✅ அடிக்கடி தாய்ப்பால். 6 மாசம் வரை தண்ணி, சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். முதல் வாரம் முடிஞ்சதும் ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போகணும்.

⚠️ அக்குள் சூடு 37.5-ஐத் தாண்டினாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காம இருந்தாலோ, "வெயில்தான் காரணம்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. உடனே டாக்டர்கிட்ட வாங்க. வெயிலா தொற்றான்னு வீட்டுல பிரிச்சுச் சொல்ல முடியாது.

⚠️ குறைமாசம், எடை குறைவுன்னா உங்க டாக்டர் சொன்ன கதகதப்பு முறையையே தொடருங்க.

அந்தப் பேரன் அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போனான். டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பாட்டி கேட்டாங்க: "அப்போ ஜன்னலைத் திறந்துடவா டாக்டர்?"

"திறங்கம்மா. கொசுவலை மட்டும் போட்டுக்கோங்க"ன்னேன்.

இந்த மே மாசம் உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ குழந்தை பிறந்திருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. முக்கியமா பாட்டிக்குப் படிச்சுக் காட்டுங்க.