ரிசீவர் பொருத்தம்: எந்த மூட்டில் இறுக்கம் வேண்டும்?

ஒரு துப்பாக்கியின் பாகங்கள் தங்களுக்குள் இடைவெளியின்றிப் பொருந்துவது ஒன்று. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றிலும் பொருந்துவது வேறொன்று. முன்னது அரம் பிடித்த கையின் திறமை, பின்னது கேஜின் (அளவு சோதிக்கும் கருவியின்) வேலை. படைகள் பின்னதையே நாடின. அதற்காக முன்னதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. எந்த மூட்டில் விட்டுக்கொடுத்தன என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

1785இல் பாரிஸில் துப்பாக்கி வினைஞர் ஒனோரே பிளாங் துப்பாக்கிகளின் ஐம்பது விசைப்பொறிகளைக் கழற்றி, பாகங்களைத் தனித்தனியாகப் பரப்பிவைத்தார். கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிப் பார்த்த தாமஸ் ஜெஃபர்சன் வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். 1798இல் பத்தாயிரம் மஸ்கட்டுகளுக்கு ஒப்பந்தம் பெற்ற எலி விட்னியும் 1801இல் வாஷிங்டனில் இத்தகைய வித்தை காட்டினார். ஆனால் எஞ்சியிருக்கும் அவரது மஸ்கட்டுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறவில்லை. பாடநூல்கள் இன்னும் அவருக்கே மாலை சூட்டுகின்றன.

மாலைக்கு உரியவர் ஜான் ஹால். 1819 ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுத ஆலையில் பின்புறம் மருந்திடும் ரைபிளைச் செய்த அவர், ஒரு பாகத்தின் எல்லா அளவுகளையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து எடுத்தார். இடம் மாற்றி மாற்றி அளந்தால் சிறுபிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும். பாகங்கள் உண்மையிலேயே மாறிப் பொருந்துகின்றன என்று 1827இல் ஆய்வுக்குழு சான்றளித்தது. பின்னர் கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த பாகங்களும் இவற்றோடு சேர்ந்தன. இருந்தும், மருந்தறைக் கட்டையும் குழலும் சந்திக்கும் மூட்டில் வாயு கசிந்தது. மாற்றிப் பொருத்த முடிந்தது; அடைத்துப் பொருத்த முடியவில்லை. உலோகத் தோட்டாக்கூடு வந்து விரிந்து அடைக்கும்வரை அந்தக் குறை தீரவில்லை.

1854இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுத ஆலைக்கு வந்த பிரிட்டிஷ் குழு, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கொன்றாகப் பத்து மஸ்கட்டுகளைக் கழற்றிக் கலக்கச் சொன்னது. திருப்புளி ஒன்றே கருவியாக, தொழிலாளி அவற்றைத் திரும்பப் பூட்டினார். அதன்பின் பிரிட்டனின் என்ஃபீல்டு ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்கள் வாங்கப்பட்டன.

அதே என்ஃபீல்டின் பெயர் தாங்கிய நம்பர் 4 ரைபிளில்கூட ஓரிடம் கைப்பொருத்தமாகவே நின்றது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே கூடுதலாக இடம் இருந்தால் கூடு கிழியலாம். ஆகவே போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் வந்தன. போல்ட்டிலும் ரைபிளின் எண்ணே பொறிக்கப்பட்டது.

1950களில் உருவான ஏஆர்-15 ரைபிள் இந்தச் சிக்கலை ரிசீவரிலிருந்தே, அதாவது மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியிலிருந்தே, அகற்றியது. அதில் போல்ட் பூட்டிக்கொள்வது குழலோடு திருகப்பட்ட எஃகு நீட்சியில். வெடிப்பின் விசையை அந்த மூட்டே தாங்குவதால் ரிசீவருக்கு அலுமினியம் போதும். குழலும் குறிநோக்கியும் மேல் ரிசீவரில், விசையும் பிடியும் கீழ் ரிசீவரில். இரண்டையும் இணைப்பவை இரு ஊசிகள். அவை லொடலொடத்தாலும் குறி பெரிதாக விலகுவதில்லை. அந்த ஆட்டத்தை நிறுத்த நடுவில் ரப்பர்த் துண்டு செருகுபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மனநிறைவுதான். போட்டி ரைபிள் செய்பவர்களின் கவனம் வேறிடத்தில் இருக்கிறது: குழல் வந்து உட்காரும் ரிசீவர் முகத்தைச் செங்கோணமாகச் சீவுகிறார்கள், சிலர் குழலைப் பசை தடவியே மாட்டுகிறார்கள்.