முதலாம் சார்லஸ் மன்னரும் இரத்தப்பழி வசனமும்

1649ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் காலையில், மரணத் தீர்ப்புப் பெற்றிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்குப் பேராயர் ஜக்ஸன் ஜெப ஆராதனை நடத்தினார். பாராளுமன்றம் 1645இல் தடைசெய்திருந்த பொது ஜெபப் புத்தகத்தின்படியே அது நடந்தது. வாசிக்கப்பட்ட பாடம் மத்தேயு 27ஆம் அதிகாரம். தமக்காகவே அதைத் தெரிந்துகொண்டாரோ என மன்னர் வினவினார். அட்டவணையின்படி அந்நாளுக்குரிய பாடமே அது என்றார் பேராயர். அன்று பிற்பகல் வைட்ஹால் விருந்து மண்டபத்தின் முன் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

வரியும் பாராளுமன்ற உரிமையுமே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பாருண்டு. அவையும் காரணங்களே, ஆயினும் தீ மூண்டது ஆலயத்தில்தான். 1637இல் சார்லஸும் கான்டர்பரி பிரதமப் பேராயர் லாடும் ஸ்காட்லாந்துச் சபையின் சம்மதத்தை நாடாமல் அதன்மேல் ஒரு ஜெபப் புத்தகத்தைச் சுமத்தினர். எடின்பரோவின் புனித கைல்ஸ் ஆலயத்தில் முதல் நாளே கலகம் எழுந்தது. ஸ்காட்லாந்தாரோடு பொரப் பணம் வேண்டியே, 11 ஆண்டுகள் பாராளுமன்றமின்றி ஆண்டவர் 1640இல் அதைக் கூட்ட நேர்ந்தது. 1642இல் உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. 1645இல் நேஸ்பியில் மன்னரின் சேனை முறிந்தது.

1646இல் ஸ்காட்லாந்துச் சேனையிடம் தம்மை ஒப்புவித்த சார்லஸ், நியூகாசிலில் வைக்கப்பட்டார். பேராயர் ஆட்சிமுறையைக் கைவிட்டு மூப்பர் ஆளுகையை ஏற்கும்படி அங்கே வற்புறுத்தப்பட்டார். அலெக்சாண்டர் ஹென்டர்சன் என்னும் போதகரோடு அவர் எழுத்து மூலமாக வாதம் நடத்தினார். அப்போஸ்தலர் கால மரபையும் தம் முடிசூட்டு ஆணையையும் காட்டி மறுத்தார். (1919இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள் தொடங்கி 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை, நம் முன்னோர் பொறுமையோடு பேசித் தீர்த்ததும் ஏறக்குறைய இதே வினாவையே.) 1641இல் ஸ்டிராஃபோர்டு பிரபுவின் மரணச் சட்டத்திற்கு மனச்சாட்சிக்கு விரோதமாக இசைந்தவர் அவர். அந்த அநீதிக்குத் தண்டனையாகவே தமக்கு இந்த அநீதி நேர்ந்தது என்று கொலைமேடையிலும் கூறினார். ஆயினும் அவரைக் கலப்பற்ற இரத்தசாட்சியாகக் கொள்வது இயலாது. ஒரு திறத்தாரோடு பேசிக்கொண்டே மறுதிறத்தாரோடும் உடன்பாடு தேடுவது அவர் வழக்கம். மூப்பர் ஆளுகையை மூன்றாண்டு நிலைநாட்டுவதாக 1647 டிசம்பரில் ஸ்காட்லாந்தாருக்கு வாக்களித்தார். அதன் பலன் 1648இன் இரண்டாம் போர்.

அவ்வாண்டு வசந்த காலத்தில் படைத் தலைவர்கள் வின்ட்சரில் கூடி, கண்ணீரோடு ஜெபித்தனர். போர் முடிந்ததும் இரத்தப்பழியுள்ள சார்லஸ் ஸ்டூவர்ட்டிடம் கணக்குக் கேட்பதெனத் தீர்மானித்தனர். எண்ணாகமம் 35:33 அவர்கள் ஆதாரம். அது சதியாலோசனையன்று, ஜெபக்கூட்டம் என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் அதே அதிகாரம் அடைக்கலப் பட்டணங்களையும், ஒரே சாட்சியின் பேரில் எவனையும் கொல்லலாகாது என்பதையும் சொல்லுகிறது. அவர்களோ ஒரு வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து, போர்க்களத்து வெற்றியையே சாட்சியாக வைத்தனர். மறுபுறத்தார் சவுல்மேல் கைபோடாத தாவீதைக் காட்டினர். வேதம் இரு பாளையங்களிலும் திறந்தே இருந்தது.

1648 டிசம்பரில் இசையாத உறுப்பினர்களைச் சேனை பாராளுமன்றத்தினின்று வெளியேற்றிற்று. நியாயாதிபதிகளாக 135 பேர் குறிக்கப்பட்டனர். மரண ஆணையில் கையொப்பமிட்டோர் 59 பேரே. எந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கிறீர்கள் என்ற மன்னரின் கேள்விக்கு அவர் ஏற்கத்தக்க பதிலை நீதிமன்றம் அளிக்கவில்லை. இலண்டனின் பிரெஸ்பிட்டேரியப் போதகர்கள் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தனர். பாராளுமன்றத்தின் போரைப் பிரசங்கபீடத்திலிருந்து ஆசீர்வதித்தவர்கள் அவர்களே. இப்பொழுது அவர்கள் குரலைக் கேட்பாரில்லை.

1660இல் முடியாட்சி மீண்டது. 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டத்தை ஏற்காத போதகர்கள் பதவியிழந்தனர். 1660 முதல் இவ்வாறு விலக்கப்பட்டோர் ஏறக்குறைய 2,000 பேர். மன்னரின் கொலையைக் கண்டித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டில் ஜனவரி 30 உபவாச நாளாக ஜெபப் புத்தகத்தோடு சேர்க்கப்பட்டது. அட்டவணையின்படி இயல்பாக வந்த மத்தேயு 27, இனி ஆண்டுதோறும் மன்னரை நினைந்து வாசிக்கும் பாடமாக நியமிக்கப்பட்டது. அவ்வாராதனை நீக்கப்பட்டது 1859இல்.