வெள்ளைக் குதிரையும் வெள்ளைப் பவுடரும்

பாப்பாரப்பட்டின்னு சொன்னா பல பேருக்கு சுப்ரமணிய சிவா ஞாபகம் வருவார் (1925 ஜூலை 23ல அவர் காலமானது இங்கதான்). எனக்கு கூடவே கரடும் ஞாபகம் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா உருண்டைப் பாறைங்களைப் பார்த்துக்கிட்டே போகலாம். யாரோ அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், ஆனா யாரும் அடுக்கல. வெயில்லயும் மழையிலயும் வெங்காயம் மாதிரி தோல் உரிஞ்சு உரிஞ்சு உருண்டையானது.

பெங்களூர்ல பொட்டி தட்டுற மக்கள்ல கொஞ்சப் பேருக்கு இப்ப போல்டரிங் பைத்தியம். கயிறு கிடையாது. ரெண்டு ஆள் உயரப் பாறை, விழுந்தா தாங்க ஒரு மெத்தை, கை வழுக்காம இருக்க வெள்ளைப் பவுடர், அவ்வளவுதான். அந்தப் பவுடர் மெக்னீசியம் கார்பனேட். 1950கள்ல அதைப் பாறைக்குக் கொண்டு வந்தவர் ஜான் கில்னு ஒரு அமெரிக்கர். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினவர், பின்னாடி கணக்குப் பேராசிரியர் ஆனார். நம்ம மேட்டரே அந்த வெள்ளைதான்.

டெக்சாஸ்ல ஹ்வேக்கோ டாங்க்ஸ்னு ஒரு இடம். போல்டரிங்ல எது எவ்வளவு கஷ்டம்னு சொல்ற 'வி' அளவுகோல் பிறந்ததே அங்கதான். அதே பாறைங்கள்ல செவ்விந்தியர்கள் வரைஞ்ச முகமூடி ஓவியங்கள் மட்டும் 200க்கு மேல இருக்கு. கூட்டம் ஏற ஏற ஓவியங்களுக்கு ஆபத்துன்னு 1998ல கெடுபிடி வந்துச்சு. ஒரு பகுதிக்கு ஒரே நேரத்துல 70 பேருக்கு மேல அனுமதி இல்ல, மத்த பகுதிகளுக்கு வழிகாட்டி இல்லாம போகவே முடியாது. ஏறுறவங்க நிறைய பேர் கடுப்பானாங்க. என்னைக் கேட்டா சரியான முடிவு.

ஓவியம் இல்லாத பாறைன்னா பிரச்சினை இல்லையா? சுவிட்சர்லாந்துல பனியாறு உருட்டிக்கிட்டு வந்து போட்ட பாறைங்களை 2020ல ஆராய்ஞ்சாங்க. கண்ணுக்கு வெள்ளையாத் தெரியாத இடத்துலயும் பவுடர் இருந்துச்சு. பாறையில மட்டும் வளர்ற பெரணி, பாசியோட முளைப்பை அது கெடுக்குதுன்னும் தெரிஞ்சுது. உயரமான மலையில இது இன்னும் மோசம். நம்ம இமாச்சல்ல, லாஹுல் பக்கம் சத்ருல போல்டரிங் பண்றாங்க. வருஷத்துல பல மாசம் பனி மூடுற இடம். அங்க ஒரு செடியை மிதிச்சுட்டா மறுபடி தலையெடுக்க வருஷக் கணக்காகும்.

ஹம்பி நமக்கு இன்னும் கிட்ட. 1986ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த ஊர். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆனெகுந்தியில போல்டரிங்கும் நடக்குது, அதே வட்டாரத்துல கற்கால ஓவியமும் இருக்கு.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். பர்கூர் பக்கம் மல்லப்பாடி. 2004ல கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியற வரைக்கும் தர்மபுரியில இருந்த ஊருதான். அங்க பாறையில குதிரை மேல ரெண்டு பேர் சண்டை போடுற ஓவியம் இருக்கு. சிவப்பு இல்ல, கறுப்பு இல்ல, வெள்ளையில வரைஞ்சது! வெள்ளைப் பவுடர் கையோட அது மேல ஏறினா எது குதிரை, எது நேத்து வந்தவன் கைன்னு எப்படிப் பிரிக்கறது? அழுக்குன்னு நினைச்சு கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா குதிரையும் சேர்ந்து போயிரும்.

கல்குவாரிக்காரன் பாறையையே லாரில ஏத்துறான், அம்பு விட்ட இதயம் வரையிற காதலனுங்க வேற, எங்களை மட்டும் ஏன் சொல்றேன்னு ஏறுறவங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா குவாரிக்காரன் பாறையை ரசிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு வரலையே :-)

புதுப் பாறைக்குப் போறதுக்கு முன்னாடி ஊர்ல ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தரைக் கேட்டுடுங்க. எந்தப் பாறையில முனியப்பன் இருக்கார், எதுல பழைய கிறுக்கல் இருக்குன்னு அவருக்குத் தெரியும். ஓவியம் மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா தொடாம படம் எடுத்து தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. இடத்தை மட்டும் உடனே ஊருக்கெல்லாம் அறிவிச்சுடாதீங்க சாமிகளா.