கடதாசிப் பை: ஒரு மடிப்பின் சமூக வரலாறு

பொருள்சார் நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் நீராவி இயந்திரம், இருப்புப்பாதை, மின்குமிழ் ஆகிய பெருங் கண்டுபிடிப்புகளையே பெரிதும் எடுத்துப் பேசுவர். நாள்தோறும் கைக்கு வந்து, பயன்பட்டு, பின் குப்பையிற் சேரும் சிறு பொருள்கள் அவர்தம் நோக்கிற்கு எட்டுவது அரிது. ஆயின் ஒரு சமூகத்தின் உற்பத்தி முறை, உழைப்புப் பகுப்பு, உடைமை பற்றிய சட்டங்கள் என்பன இத்தகைய சிறு பொருள்களிலும் தெளிவாகப் பதிந்து கிடக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிலே தொழிலாளரும் மாணவரும் மதிய உணவை எடுத்துச் செல்லும் கபில நிறக் கடதாசிப் பை இதற்குத் தக்கதொரு சான்று. தட்டையாக மடிந்து கிடப்பதும், ஓர் உதறலில் விரிந்து பெட்டிபோல நிமிர்ந்து நிற்பதும், வெறுமையானதும் மீண்டும் மடிந்து சட்டைப்பையுள் அடங்குவதும் அதன் இயல்புகள். இவை ஒருவர் மனத்தில் ஒருநாள் உதித்தவை அல்ல. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்திற் பலருடைய உழைப்பினாற் படிப்படியாக உருவானவை. அந்த மடிப்பு எவருடைய கையறிவிலிருந்து பிறந்தது, எவருக்குப் பயன்பட்டது, எவருக்கு உடைமையாயிற்று என்னும் மூன்று வினாக்களும் ஒருங்கே வைத்து ஆராயத்தக்கவை.

பைக்கு முன்னர் கடதாசி மலிவாக வேண்டியிருந்தது. 1799ஆம் ஆண்டு பிரான்சில் லூயி நிக்கொலா றொபேர் என்பவர் தொடர்ச்சியான கடதாசிச் சுருளை உருவாக்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதுவரை ஒவ்வொரு தாளாகக் கையால் வார்க்கப்பட்ட கடதாசி, அதன்பின் நீண்ட சுருளாக வெளிவரத் தொடங்கியது. 1840களில் யேர்மனியரான பிரீட்றிக் கொற்லொப் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். கந்தைத் துணியை நம்பியிருந்த கடதாசித் தொழில் இதனாற் காடுகளை நோக்கித் திரும்பியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1861 முதல் 1865 வரை, தென்மாநிலப் பருத்தி வடக்கே வருவது தடைப்பட்டமையால் துணிச் சாக்குகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மா முதலிய பண்டங்களைக் கடதாசியிற் கட்டும் வழக்கம் இக்காலத்திலே வலுப்பெற்றது. தேவையும் மூலப்பொருளும் இவ்வாறு ஒன்றுகூடிய சூழலிலேதான் பை செய்யும் இயந்திரங்கள் தோன்றின என்பது கவனிக்கத்தக்கது.

இயந்திரங்களுக்கு முன்னர் பை செய்தது மனிதக் கையே. கடைக்காரர் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டிப் பண்டத்தை இட்டுக் கொடுத்தார். சற்றே உறுதியான பைகளை, வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இருந்து பெண்களும் சிறுவரும் மடித்துப் பசையிட்டு ஒட்டினர். ஒவ்வொரு பைக்கும் கூலி மிகச் சொற்பம்; ஆனால் அதற்கு வேண்டிய திறமை சொற்பமன்று. தாளை எந்த ஒழுங்கில் மடிக்க வேண்டும், எங்கே பசை பட வேண்டும், எங்கே படலாகாது என்ற அறிவு முழுவதும் அவர்களுடைய விரல்களிலே இருந்தது.

பென்சில்வேனியா மாநிலத்தின் பெத்லகேம் நகரில் மொறேவியத் திருச்சபையைச் சார்ந்த ஆசிரியரான பிரான்சிஸ் வூல் என்பவர் 1852இல் கடதாசிப் பை செய்யும் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். நீர்ப்பாசிகளை ஆராய்ந்த தாவரவியலாளர் என்ற வகையிலும் இவர் அறியப்பட்டவர். இவரும் ஏனையோரும் சேர்ந்து 1869இல் யூனியன் கடதாசிப்பை இயந்திர நிறுவனத்தை அமைத்தனர். எனினும் அக்கால இயந்திரங்கள் செய்த பை கடித உறை போன்றது, அடி இல்லாதது. அதனை மேசையில் நிறுத்த முடியாது. பண்டம் இடும்போது ஒரு கை பையைப் பிடித்திருக்க மற்றக் கை மட்டுமே வேலை செய்ய இயலும். சதுர அடி கொண்ட பை வேண்டுமாயின் அதைக் கையினாலேயே மடிக்க வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு எட்டாதிருந்த அந்தக் கைத்திறனை இயந்திர மொழியிற் பெயர்த்தவர் ஒரு தொழிலாளப் பெண்.

மார்கிறற் நைற் 1838ஆம் ஆண்டு மேய்ன் மாநிலத்தின் யோக் நகரிற் பிறந்தவர். சிறுவயதிலேயே நியூ ஹாம்சயர் மாநிலத்து மஞ்செஸ்ரர் நகரின் பருத்தி ஆலைச் சூழலில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதளவில், தறியிலிருந்து விலகிப் பாய்ந்த நாடாவினால் ஒருவர் காயமுற்றதைக் கண்டு அதனைத் தடுக்கும் காப்பு ஒன்றை அவர் வகுத்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் வழங்கும் செய்தி. 1867 அளவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரின் கொலம்பியா கடதாசிப்பை நிறுவனத்தில் அவர் பணிபுரிந்தார். அங்கே, கையால் மடிக்கப்பட்ட தட்டை அடியை இயந்திரத்தாற் செய்யலாம் என்று கருதி முதலில் வரைபடங்களும், பின்னர் மரத்தாலான மாதிரியும் செய்தார். சுருளிலிருந்து வரும் கடதாசியைக் குழாயாக்கி, வெட்டி, அடியை விரித்து மடித்து ஒட்டும் செயல்களை ஒரே தொடராக அம்மாதிரி நிகழ்த்தியது.

ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்குமுன் அம்மாதிரியை இரும்பிற் செய்விப்பதற்காக அவர் பொஸ்ரன் நகருக்குச் சென்றார். அங்கே பட்டறையில் இயந்திரத்தைப் பார்வையிட்ட சாள்ஸ் அனன் என்பவர் அதனைத் தமதென உரிமை கோரினார். நைற் ஆக்கவுரிமை அலுவலகத்தின் முன் பிணக்கினை எழுப்பினார். இத்தகைய சிக்கலான பொறியை ஒரு பெண் விளங்கிக்கொள்ளவே இயலாது என எதிர்த்தரப்பு வாதிட்டதாக மரபாகக் கூறப்படும். அவர் அதற்கு வாதத்தால் மட்டும் விடையிறுக்கவில்லை. வரைபடங்கள், மாதிரிகள், தம்முடன் வேலை செய்தோரின் சாட்சியம் என்பவற்றை நாள்வாரியாக முன்வைத்தார். 1871 யூலை 11ஆம் நாள் 116,842 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமை அவருக்கே வழங்கப்பட்டது. பட்டறையின் அன்றாட வேலைப் பதிவுகளே அவரது உரிமையைக் காத்தன என்பது வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது. எழுதி வைக்கப்படாத எத்தனையோ கைகளின் அறிவு எவ்வித வழக்குமின்றிப் பிறர் பெயரிற் சேர்ந்திருக்கும்.

எனினும் நைற்றின் பையில் ஒரு குறை எஞ்சியிருந்தது. அது நின்றது; ஆனால் சீராக மடியவில்லை. அடுக்கி வைப்பதற்கும் தொகையாக அனுப்புவதற்கும் அது இடைஞ்சலாயிற்று. 1872இல் லூதர் குறோவெல் என்பவரும் சதுர அடிப் பை தொடர்பான ஆக்கவுரிமை பெற்றார். இறுதியில், உள்நாட்டுப் போரிற் பணிபுரிந்து பின்னர் பிலடெல்பியாவில் வாழ்ந்த சாள்ஸ் ஸ்ரில்வெல் 1883 யூன் 12ஆம் நாள் உரிமம் பெற்ற இயந்திரமே இன்றைய வடிவத்தைத் தந்தது. அதன் சிறப்பு இரண்டு மடிப்புகளிற் தங்கியுள்ளது. ஒன்று, பையின் இரு பக்கச் சுவர்களும் நடுவே உள்நோக்கி மடிந்து முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே ஒடுங்குதல். மற்றது, ஒட்டப்பட்ட அடி முழுவதும் மேல்நோக்கித் திரும்பி ஒரு சுவரின்மீது படிந்து கிடத்தல். வாயைப் பிடித்து உதறும்போது உட்புகும் காற்று பக்க மடிப்புகளைத் தள்ளி விரிக்கின்றது. அடி தானாகவே செங்கோணத்திற்கு இறங்குகின்றது. தானே திறக்கும் பை என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வழங்கிற்று.

இம்மடிப்பினாற் பயனடைந்தோர் யாவர் என நோக்குமிடத்து, மூன்று தரப்பினரை வரிசைப்படுத்தலாம். முதலாவது தரப்பினர் உற்பத்தியாளர். மடிந்த பை இடத்தை அடைக்காது. புகையிரதப் பெட்டியொன்றில் ஏற்றத்தக்க பைகளின் தொகை பன்மடங்காயிற்று. இரண்டாவது தரப்பினர் பலசரக்குக் கடைக்காரர். அவர் இரு கைகளாலும் பண்டங்களை அடுக்கலாம்; வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் குறைந்தது. 1930இல் நியூயோர்க்கில் கிங் கலன் போன்ற சுயசேவைப் பேரங்காடிகள் தோன்றியபோது இவ்விரைவு இன்றியமையாததாயிற்று. மூன்றாவது தரப்பினரே தொழிலாளர். தொழிற்சாலை முறை வீட்டையும் வேலைத்தலத்தையும் பிரித்தமையால் நண்பகல் உணவு கையிற் சுமக்கும் பொருளாக மாறியிருந்தது. தகர வாளியிலே அதைக் கொண்டுசென்றவர் மாலையில் வெறும் வாளியையும் சுமந்து திரும்ப வேண்டும். கடதாசிப் பையோ உணவு முடிந்ததும் நான்காக மடிந்து சட்டைப்பையுட் புகுந்தது. கடையிலே பண்டத்துடன் இலவசமாக வந்த பை, மறுநாள் மதிய உணவுப் பையாக இரண்டாம் வாழ்வு பெற்றது. இந்த மூன்றாவது பயன் எந்த முதலாளியும் திட்டமிட்டதன்று. மக்கள் தாமே கண்டுகொண்டது.

கபில நிறமும் ஒரு வரலாறு உடையது. 1879 அளவில் டான்சிக் நகரில் கார்ல் டால் என்பவர் மரக்கூழைச் சல்பேற்று முறையாற் செய்யும் வழியைக் கண்டார். இதனால் மரத்தின் நீண்ட நார்கள் சிதையாது நின்றமையால் அக்கடதாசிக்கு யேர்மன் மொழியில் வலிமை எனப் பொருள்படும் கிராவ்ற் என்னும் பெயர் வழங்கிற்று. வெளுக்கப்படாமையால் அது மரத்தின் நிறத்தோடே வந்தது. மீண்டும் மீண்டும் மடித்தாலும் மடிப்புக்கோட்டிற் கிழியாத தன்மையே மடிக்கும் பைக்கு அதனைப் பொருத்தமாக்கியது. இயந்திரம் வகுத்த மடிப்புக்குப் பொருள் கொடுத்த உறுதி இது.

உடைமை பற்றிய மூன்றாவது வினாவுக்கு விடை 1908ஆம் ஆண்டின் ஒரு வழக்கிற் கிடைக்கின்றது. நைற் தொடக்கத்தில் தொடர்புற்றிருந்த நிறுவனத்தின் பெயரையே தாங்கிய ஈஸ்ரேன் கடதாசிப்பை நிறுவனம், வில்லியம் லிடெல் என்பவரது ஆக்கவுரிமையைத் தன்வசம் வைத்திருந்தது. தானே திறக்கும் சதுர அடிப் பைகளைச் செய்யும் பொறி பற்றியது அது. ஆனால் அந்நிறுவனம் அப்பொறியைத் தொழிலிற் பயன்படுத்தவில்லை. பழைய இயந்திரங்களையே தொடர்ந்து ஓட்டியது. கொன்ரினென்ரல் நிறுவனம் அதனை ஒத்த பொறியைப் பயன்படுத்தியபோது வழக்குத் தொடுத்தது. தான் பயன்படுத்தாத ஆக்கத்தையும் பிறர் பயன்படுத்தாது தடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டென ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1871இல் ஓர் உழைப்பாளியின் ஆக்கத்தைப் பிறர் கவராது காத்த அதே சட்டம், 37 ஆண்டுகளின் பின் ஓர் ஆக்கத்தைச் சமூகத்திடமிருந்து பூட்டி வைக்கும் திறவுகோலாயிற்று. சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. அதைக் கையிற் கொண்டோர் மாறினர். இருபதுக்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகளைப் பெற்ற நைற் 1914இல் இறந்தபோது பெருஞ்செல்வம் எதுவும் அவரிடம் எஞ்சியிருக்கவில்லை. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தேசிய மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2006இலேயே.

கைகள் நெடுங்காலம் செய்துவந்த இம்மடிப்பைக் கணிதம் ஆராயத் தொடங்கியது மிகப் பிந்தியே. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எரிக் டிமெய்ன் முதலான ஆய்வாளர், பையின் சுவர்கள் சற்றும் வளையாத தகடுகள் எனக் கொண்டால் வழக்கமான மடிப்புக்கோடுகளைக் கொண்டு உயரமான பையைத் தட்டையாக மடிக்கவே இயலாது என நிறுவினர். உருக்குத் தகட்டிற் செய்த அத்தகைய பை திறந்தபடியே நிற்கும். 2011இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் புதிய மடிப்புக்கோடுகளை வகுத்து இத்தடையை நீக்கும் வழியைக் காட்டினர். கடதாசிப் பை மடிவதற்குக் காரணம் கோடுகள் மட்டுமல்ல. மடியும் கணத்திற் கடதாசி சற்றே வளைந்து இடங்கொடுப்பதே. இந்த நெகிழ்வை எந்தச் சூத்திரமும் அறியாத காலத்திலே பை ஒட்டிய பெண்களின் விரல்கள் அறிந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பை பின்னடைந்தது. சுவீடனின் செல்லோபிளாஸ்ற் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரென் குஸ்ராவ் தூலின் வகுத்த பொலித்தீன் பை 1965இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது. 1980களில் அந்நாட்டின் பேரங்காடிகளிற் பரவியது. அதனால் விளைந்த கேடுகள் 2002இல் வங்காளதேசத்தை மெல்லிய பொலித்தீன் பைகளைத் தடைசெய்யத் தூண்டின. இலங்கையிலும் 2017 செப்ரெம்பர் முதலாக, மதிய உணவு சுற்றும் பொலித்தீன் தாளான ‘லஞ்ச் சீற்’ தடைக்குள்ளானது. இவற்றின் விளைவாகக் கடதாசி மீண்டும் நாடப்படுகின்றது. ஆயினும் கடதாசி என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. பாரிய காடும் நீரும் எரிபொருளும் அதன் பின்னே செலவாகின்றன. புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, கடைகளிற் கொடுக்கப்படும் மெல்லிய பொலித்தீன் பைக்கு நிகராவதற்குக் கடதாசிப் பை குறைந்தது மூன்று தடவை பயன்பட வேண்டும் என இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அதாவது கடதாசிப் பையின் நியாயம் அது ஆக்கப்பட்ட பொருளில் மட்டுமன்றி, அது மீண்டும் மடிக்கப்படுவதிலும் தங்கியுள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். உற்பத்தியாளரின் களஞ்சியத்துக்காகவும் கடைக்காரரின் விரைவுக்காகவும் வகுக்கப்பட்ட மடிப்பினை, நிலைபேறுடைய பயனாக மாற்றியவர் அதனை மறுநாளும் எடுத்துச் சென்ற சாதாரண மக்களே. ஆக்கவுரிமைப் பதிவேடு வூல், நைற், ஸ்ரில்வெல் எனச் சில பெயர்களைக் காத்து வைத்துள்ளது. அவற்றுள்ளும் ஒன்று போராடிப் பெறப்பட்டது. பதிவேட்டில் இடம்பெறாத மடிப்பவர்களையும் சுமப்பவர்களையும் சேர்த்தே இச்சிறு பையின் வரலாறு எழுதப்படல் வேண்டும். அவ்வாறு எழுதும்போதே கண்டுபிடிப்பு என்னும் சொல் தனிமனிதப் புகழ்ச்சியிலிருந்து விடுபட்டு, சமூக உழைப்பு என்னும் தன் முழுப் பொருளையும் பெறும்.