தாத்தா போட்ட எண்ணும் நான் கண்டுபிடித்த தப்பும்

காலேஜ் ரெண்டாவது வருஷ லீவு. சோழவந்தானில் எங்க தாத்தா, ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார், ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, "இதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுடா" என்றார். தொல்காப்பியச் சொல்லதிகாரக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நூற்பா எண்.

நமக்குத்தான் எதையும் செக் பண்ணாமல் விடும் பழக்கம் கிடையாதே! மதுரையில் வாங்கின சேனாவரையம் பதிப்பை வைத்துச் சரிபார்த்தேன். சில இடத்தில் ஒத்துப்போனது, பல இடத்தில் ஒண்ணு ரெண்டு தள்ளி நின்றது. "தாத்தா, எண்ணெல்லாம் தப்பா போட்டிருக்கீங்க, நானே திருத்திட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் படிப்பு முடிந்து பொட்டி தட்டும் வேலைக்கு வந்தாச்சு. அங்கே டிசைன் டாக்குமென்ட் எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான். 1, 1.1, 1.2 என்று தலைப்புக்கு எண்ணைக் கையால்தான் போடணும். ஒரு நாள் ஒரு புண்ணியவான் மூன்றாவது தலைப்புக்கு அடுத்து புதுசாக ஒன்றைச் செருகிவிட்டார். பழைய 4 இப்போ 5. வேறொரு ஃபைலில் "4.2 பார்க்க" என்று எழுதியிருந்தது மட்டும் அப்படியே இருந்தது. அதை நம்பி ரெண்டு நாள் தப்பான பகுதியை டெஸ்ட் பண்ணினோம். அப்போதான் எனக்கு டியூப்லைட் எரிந்தது.

தொல்காப்பியத்துக்கும் நடந்தது இதேதான். அதன் அமைப்பு ரொம்பத் தெளிவு: 3 அதிகாரம், ஒவ்வொன்றிலும் 9 இயல், மொத்தம் 27. ஆனால் ஒரு நூற்பா எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் உரைக்கு உரை வித்தியாசம். ஒருவர் ஒன்றாக எடுத்ததை இன்னொருவர் ரெண்டாகப் பிரிப்பார். ஒரு இடத்தில் பிரித்தால் போதும், அதுக்குப் பின்னால் வரும் எண் அத்தனையும் நகரும். அதனால்தான் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் கணக்கில் 456 நூற்பா, சேனாவரையர் கணக்கில் 463, தெய்வச்சிலையார் கணக்கில் 453. நூல் ஒன்றுதான், எண்தான் வேறு.

திருக்குறளில் இந்தத் தொல்லை கம்மி. அதிகாரத்துக்குப் பத்து என்று கட்டிப்போட்டாச்சு. 391-வது குறளா? ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுத்தால் 39, ஒன்றைக் கூட்டினால் 40. நாற்பதாவது அதிகாரம், கல்வி. மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை மாறியிருந்தாலும், அதிகாரத்தின் பெயரைப் பிடித்தால் பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்ளேயே தேடிவிடலாம். தொல்காப்பியத்திலும் இயல் பெயரைச் சொல்லி, இயலுக்குள் எண் கொடுத்தால் குழப்பம் அந்த இயலோடு நிற்கும். கூடவே யார் உரை என்றும் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

எங்க ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லணும். அரசஞ்சண்முகனார் (1868-1915), சோழவந்தானில் பிறந்த பெரும் புலவர். தொல்காப்பியப் பாயிரத்துக்கு மட்டுமே தனியாக ஒரு விருத்தியுரை எழுதினார். பாயிரத்துக்கு நூற்பா எண்ணே கிடையாது. எண் ஆரம்பிப்பதே அதுக்கு அப்புறம்தான். எண் இல்லாத அந்தப் பகுதிக்கு ஒரு மனுஷன் ஏன் இவ்வளவு உழைக்கணும் என்று சின்ன வயதில் தோன்றும். யார் எழுதியது, எந்த வழியில் வந்தது, எங்கே வழங்குவது என்பதையெல்லாம் சொல்லும் இடம் பாயிரம்தான். அது தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பண்ண?

தாத்தா இப்போது இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், நடுவில், ஒரே ஒரு வார்த்தை: இளம்பூரணம்.

எண் இல்லாத பக்கம்தானே என்று அதை மட்டும் நான் டைப் பண்ணாமல் விட்டிருந்தேன்.

எண்களையெல்லாம் அவர் போட்டபடியே மாற்றி வைத்துவிட்டேன். இந்த முறை அந்த முதல் பக்கத்தையும் சேர்த்து.