இருட்டறையிலிருந்து கைபேசி வரை: கேமரா கண்டதும் கணித்ததும்

 

ரமளான், ஷவ்வால் மாதங்களின் முதல் பிறையைத் தேடும் மாலைகளில், மேற்கு வானை நோக்கி உயரும் கைகளில் இப்போதெல்லாம் கைபேசிகளும் இருக்கின்றன. மஃரிப் தொழுகை முடிந்த சில நிமிடங்களுக்குள் குடும்பக் குழுக்களில் பிறைப் படங்கள் வந்து குவிகின்றன. நூறு மடங்கு உருப்பெருக்கம், இருளிலும் பகல் போன்ற படம், 200 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படும் உயர்விலைக் கைபேசிகளில் எடுக்கப்பட்ட படம் என்றால், அதன்மீது மக்களுக்குத் தனி நம்பிக்கை பிறக்கிறது.

இச்சிறப்புகள் எங்கிருந்து வந்தன? இவற்றுள் எது ஒளியை உள்ளபடி பதிவு செய்கிறது? எது ஒளி சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறது? படத்தைச் சான்றாகக் காட்டும் எவரும் இதை அறிந்திருப்பது அவசியம். அதற்கு ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பஸ்ராவில் பிறந்த அறிஞர்

ஹிஜ்ரி 354 வாக்கில் (கி.பி. 965) இராக்கின் பஸ்ரா நகரில் பிறந்து, வாழ்வின் பிற்பகுதியைக் கெய்ரோவில் கழித்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியல் வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்பது யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க அறிஞர்களின் கொள்கை. இப்னுல் ஹைஸம் அதை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நாம் காண்கிறோம் என்று சோதனைகளின் துணையுடன் நிறுவினார்.

அச்சோதனைகளுள் ஒன்று மிக எளியது. ஒரு சிறு துளையின் முன் பல விளக்குகளை வரிசையாக வைத்தார். துளைக்கு அப்பாலுள்ள இருண்ட இடத்தின் சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால், அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளிகள் ஒரே துளையின் வழியே சென்றும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்வழியில் சென்றது. கிரகணத்தின் வடிவம் குறித்து எழுதிய தனி நூலில், பகுதியளவு மறைக்கப்பட்ட சூரியனின் பிம்பம் சிறு துளையின் வழியே விழும்போது ஏன் பிறை வடிவம் பெறுகிறது, துளை பெரிதானால் ஏன் அவ்வடிவம் கெடுகிறது என்பதையும் ஆராய்ந்தார். இன்றைய கேமராவின் உள்ளே நிகழ்வதும் அடிப்படையில் இதுவே: இருட்டறை, ஒரு சிறு வாயில், எதிர்ச்சுவரில் தலைகீழ் பிம்பம்.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். 'கேமரா' என்ற சொல் 'கமரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்றும், முஸ்லிம்களே கேமராவைக் கண்டுபிடித்தனர் என்றும் செய்திகள் பரவுகின்றன. அது சரியன்று. வளைவான கூரையுள்ள அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே 'கேமரா'. அதன் மூலம் கிரேக்கம். 'இருட்டறை' என்ற பொருளில் 'கேமரா அப்ஸ்குரா' என்னும் பெயரை 1604-இல் பயன்படுத்தியவர் ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர். சிறு துளையின் வழியே பிம்பம் விழுவதைச் சீன நாட்டவரும் கிரேக்கரும் முன்பே கவனித்திருந்தனர். இப்னுல் ஹைஸமின் பெருமை, அது ஏன் நிகழ்கிறது என்பதைச் சோதித்து விளக்கியதில் இருக்கிறது. அவருடைய நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1572-இல் பாசல் நகரில் அச்சேறி, கெப்ளர் வரை பயன்பட்டது. உண்மையான இப்பெருமையே போதுமானது. அதற்குப் பொய்யின் துணை தேவையில்லை.

அந்நூலில் நம் இன்றைய பேச்சுக்குத் தேவையான இன்னொரு கருத்தும் உண்டு. கண்ணுக்குள் ஒளி நுழைவதோடு பார்வை முற்றுப்பெறுவதில்லை என்றார் அவர். முன்பு கண்டவற்றை நினைவில் கொண்டு, ஒப்பிட்டு, பிரித்தறிந்து, 'இது இன்னது' என்று உள்ளம் முடிவு செய்கிறது. இப்பணிக்கு அவர் பயன்படுத்திய சொற்கள் 'தம்யீஸ்', 'கியாஸ்'. மதரஸா மாணவர்களுக்கு உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் நன்கு பழக்கமான அதே சொல்தான் இந்த 'கியாஸ்'. இந்தக் கணிப்பு விரைவாக நிகழ்வதால், கணித்ததையும் கண்டதாகவே மனிதன் எண்ணுகிறான். பார்வைப் பிழைகளுக்கென்றே தம் நூலின் மூன்றாம் பாகத்தை அவர் ஒதுக்கினார். கண்டது வேறு, கணித்தது வேறு என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கைபேசிக்கு வருவோம்.

ஒளி எண்ணாக மாறிய காலம்

இருட்டறையின் பிம்பத்தை நிலைக்கச் செய்வதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1839-இல் பாரிஸில் டாகரின் முறை அறிவிக்கப்பட்டபோது, வேதிப்பொருள் பூசிய தகடு அப்பணியைச் செய்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுக்கு வழிவகுத்தனர். அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். 1975-இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் அமைத்த மின்னணுக் கேமரா, நூறுக்கு நூறு என்ற கணக்கில் பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது.

1997 ஜூன் 11 அன்று ஃபிலிப் கான் என்பவர், பிறந்த தம் குழந்தையின் படத்தைக் கேமராவுடன் இணைத்த கைபேசி வழியே உறவினர், நண்பர்களுக்கு அனுப்பினார். 1999, 2000 ஆண்டுகளில் ஜப்பானில் கேமரா பொருத்திய கைபேசிகள் விற்பனைக்கு வந்தன. 2000-இல் வெளியான ஷார்ப் கைபேசியின் கேமராவில் இருந்தவை சுமார் 1,10,000 புள்ளிகளே. அங்கிருந்து இன்றைய நிலைக்கு வந்த பயணத்தில் மூன்று வழிகள் பிரிகின்றன.

முதல் வழி: ஒளியை மிகுதியாகச் சேர்த்தல்

2012 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நோக்கியா நிறுவனம் அறிமுகப்படுத்திய '808 பியூர்வியூ' கைபேசி 41 மெகாபிக்சல் சென்சார் கொண்டிருந்தது. அந்நாளில் அது நம்ப முடியாத எண். ஆனால் அதன் உண்மையான சிறப்பு சென்சாரின் பரப்பளவில் இருந்தது. அக்காலக் கைபேசிகளில் வழக்கமாயிருந்ததைவிட அது பல மடங்கு பெரிது. முற்றத்தில் வைக்கும் பாத்திரத்தின் வாய் அகன்றிருந்தால் மழைநீர் அதிகம் சேர்வது போல, பெரிய சென்சாரில் ஒளி அதிகம் சேரும். மேலும், ஏறத்தாழ ஏழு பிக்சல்களின் தகவலை ஒன்றாக்கி, 5 மெகாபிக்சல் அளவில் தூய படத்தை அது தந்தது. உருப்பெருக்கம் வேண்டுமானால் படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அக்கைபேசி இயங்கிய சிம்பியன் மென்பொருளை நோக்கியா முந்தைய ஆண்டே கைவிட முடிவு செய்திருந்ததால், அது சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் அதன் வழிமுறை நிலைத்தது. 2023-இல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் சென்சாரும் வழக்கமான நிலையில் பதினாறு பிக்சல்களை ஒன்றாக்கி, சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. விளம்பரத்தில் காணும் பெரிய எண்ணின் பொருள் இதுதான்.

இரண்டாம் வழி: ஒளியை மடித்தல்

தொலைவிலுள்ளதை அருகில் காட்ட நீளமான லென்ஸ் அமைப்பு வேண்டும். கைபேசியின் தடிமனோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. 2019 மார்ச்சில் பாரிஸில் அறிமுகமான ஹுவாவே பி30 ப்ரோ, நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் போல, உள்ளே நுழையும் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் தொண்ணூறு பாகை திருப்பியது. லென்ஸ்கள் கைபேசியின் உடலுக்குள் படுக்கை வசத்தில் அமைந்தன. இதனால் ஐந்து மடங்கு உருப்பெருக்கம் கிடைத்தது. எஸ்23 அல்ட்ராவில் இது பத்து மடங்கு. விளம்பரத்தில் சொல்லப்படும் நூறு மடங்கில், லென்ஸ் செய்வது இந்தப் பத்து மடங்கு மட்டுமே; மீதி கணக்கீட்டின் வேலை.

மூன்றாம் வழி: கணித்தல்

கூகுள் நிறுவனத்தின் பிக்சல் கைபேசிகள் வேறு பாதையில் சென்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மார்க் லெவாய் அதில் முக்கியப் பங்காற்றினார். ஒரே படத்துக்கு நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்காமல், சற்றுக் கருமையான பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றன்மீது ஒன்றாகப் பொருத்திச் சேர்ப்பதே அம்முறை. 2018-இல் வந்த 'நைட் சைட்' வசதி பதினைந்து படங்கள் வரை இவ்வாறு இணைத்து, இருண்ட அறையையும் ஒளிபெறச் செய்தது. இங்கும் மூலப்பொருள், அந்த இடத்தில் அந்த நேரத்தில் வந்த ஒளிதான். பல சாட்சிகளின் கூற்றை ஒப்பிட்டு, முரண்பாடுகளை நீக்குவது போன்ற பணி இது.

கணிப்பு அங்கேயே நிற்கவில்லை. 2023 மார்ச்சில் இணையப் பயனர் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலவின் படமொன்றை 170 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, பள்ளங்கள் எவையும் தெரியாதபடி கணினித் திரையில் வைத்தார். விளக்குகளை அணைத்துவிட்டு, அறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் கைபேசியால் அத்திரையைப் படமெடுத்தார். கைபேசி தந்த படத்தில், திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் இருந்தன!

சாம்சங் விளக்கமளித்தது. 25 மடங்கும் அதற்கு மேலும் உருப்பெருக்கும்போது கைபேசி பத்துக்கும் மேற்பட்ட படங்களை இணைக்கிறது. படத்திலிருப்பது நிலவென்று அறிந்தால், செயற்கை நுண்ணறிவு நுண்விவரங்களை மேம்படுத்துகிறது. பூரணச் சந்திரன் முதல் பிறை வரையிலான வடிவங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. வேண்டாதவர் 'சீன் ஆப்டிமைசர்' வசதியை அணைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். வெற்று வானில் நிலவை வரைந்துவிடும் வசதியன்று இது. நிலவென்று கருதியதை, முன்பு கற்றவற்றின் துணையால் செம்மைப்படுத்துகிறது. இப்னுல் ஹைஸம் உள்ளத்தின் பணியாகச் சொன்ன கியாஸை இன்று கருவி செய்கிறது. கணித்ததைக் கண்டதாகவே நம்மிடம் தருகிறது.

முத்ரஜ் என்னும் அளவுகோல்

இப்படத்தைப் பொய் என்று தள்ளிவிடலாமா? ஹதீஸ் கலை நமக்கு இதைவிட நுட்பமான அளவுகோலைத் தந்துள்ளது. அறிவிப்பாளர் ஒருவர் செய்தியை அறிவிக்கும்போது, விளக்கம் தரும் நல்லெண்ணத்தில் தம் சொல்லையும் இடையில் சேர்த்துவிடுவதுண்டு. பின்வருவோர் அதையும் மூலச் செய்தியென்று எண்ணிவிடுவர். இத்தகைய அறிவிப்பை முஹத்திஸ்கள் 'முத்ரஜ்' என்றனர். இப்னுல் ஹைஸமின் இறுதிக் காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த இமாம் அல்கதீப் அல்பக்தாதி (ரஹ்) இவற்றைப் பிரித்துக் காட்டவே தனி நூல் எழுதினார். அவர்கள் அறிவிப்பாளரைப் பொய்யர் என்று கூறவில்லை. செய்தி முழுவதையும் வீசி எறியவுமில்லை. மூலம் எதுவரை, சேர்க்கை எங்கிருந்து என்று கோடிட்டுக் காட்டினர். பிரித்தறியும்வரை, சேர்க்கையை ஆதாரமாகக் கொள்ளவில்லை.

கைபேசிப் படத்துக்கும் ஓர் இஸ்னாத் உண்டு: லென்ஸ், சென்சார், மென்பொருள், அனுப்பியவர், அவருக்கு அனுப்பியவர். நோக்கியா 808-இன் படத்தில் சேர்க்கை சொற்பம். நைட் சைட் படத்தில் திரட்டு உண்டு. மேம்படுத்தப்பட்ட நிலாப் படமோ முத்ரஜ். மகனின் பட்டமளிப்பு விழாவுக்கும் உம்மாவின் புன்னகைக்கும் இவ்வேறுபாடு பெரிதன்று. நோன்பைத் தொடங்குவதும் பெருநாளைக் கொண்டாடுவதும் ஒரு படத்தைச் சார்ந்திருக்குமானால், அது மிகப் பெரிது.

கருவிகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2013 ஜூலை 8 அன்று பிரெஞ்சு வானியல் படப்பிடிப்பாளர் தியரி லெகோ, அமாவாசை நிகழ்ந்த அதே கணத்தில், பட்டப்பகலில் தொலைநோக்கியின் துணையால் பிறையின் மெல்லிய கீற்றைப் படமெடுத்தார். எந்த மனிதக் கண்ணும் காண இயலாத பிறை அது! ஆகவே, படம் உண்மையானதாக இருந்தாலும், 'கண்ணால் காணத்தக்க பிறையா?' என்ற கேள்வி தனியே நிற்கிறது. கருவிகளின் துணை குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்பு கூறும் பொறுப்பு அவர்களுடையதும் காஜியுடையதும். நம் பொறுப்பு, அவர்களிடம் கொண்டு செல்லும் செய்தியைத் தூயதாகக் கொண்டு செல்வது.

அதற்குச் சில எளிய வழிகள் உள்ளன. முதலில் கண்ணால் பாருங்கள். படம் அதன்பின் வரட்டும். பிறையைப் படமெடுக்கும்போது தானியங்கி மேம்பாட்டை அணைத்துவிடுங்கள். 'ப்ரோ' நிலையில் பதப்படுத்தாத 'ரா' கோப்பு எடுக்கும் வசதி இருந்தால், அதைப் பாதுகாத்து வையுங்கள். பிறருடைய படம் வந்தால், எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த நேரம், அவர் தம் கண்ணாலும் கண்டாரா என்று கேளுங்கள். விடை கிடைக்காத படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கேள்விப்பட்டதை ஆராயாமல் பரப்புவது நம் மார்க்கம் கண்டித்த செயல் என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வல்லோன் அல்லாஹ், கண்டதையும் கணித்ததையும் பிரித்தறியும் தெளிவை நமக்குத் தந்து, உண்மையான சாட்சிகளாக நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.